மின் கட்டணமும் ஒரு மன்னிப்பும்

ஒருவரைப் பற்றிப் பலர் முன்னிலையில் தவறாகப் பேசிவிட்டால், அதைப் பலர் முன்னிலையிலேயே திரும்பப் பெற வேண்டும் என்று மாணவர்களுக்குக் கற்பித்து வருபவன் நான். அந்தப் பாடத்தை நானே எழுந்து நின்று ஒப்புவிக்க வேண்டிய நிலை 2025 ஜனவரியில் ஏற்பட்டது. அதற்குக் காரணம் ஒரு மின் கட்டணப் பட்டியல். சபையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஆயினும் பிரித்தானியாவில் வாழும் எம்மவர் பலர் இதே இயந்திரத்தை வீட்டில் பொருத்தி, இதே கட்டணத்தைக் கண்டு, இதே கோபத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் இங்கிலாந்தின் மத்திய பகுதியிலுள்ள ஒரு சிறிய நகரத்தில் வசிக்கிறோம். மனைவி, மூன்று பிள்ளைகள், வாப்பாவின் மறைவுக்குப் பின் காத்தான்குடியிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் உம்மா, நான் என ஆறு பேர். மாலை நேர மத்ரஸாவில் கற்பித்துக் கிடைக்கும் ஊதியத்தில் குடும்பம் நடக்கிறது. வீடு 1930களில் கட்டப்பட்டது. 2024 வசந்தகாலத்தில் எங்கள் பழைய கேஸ் பொய்லர் இயங்காமல் நின்றது. இனித் திருத்திப் பயனில்லை என்றார்கள்.

அப்போதுதான் ஹீட் பம்ப் பற்றிக் கேள்விப்பட்டோம். கேஸ் பொய்லரை அகற்றிவிட்டு இதைப் பொருத்துவோருக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு மானியம் தருகிறது. 2022இல் 5,000 பவுணாகத் தொடங்கிய அந்த மானியம் 2023 ஒக்டோபரில் 7,500 பவுணாக உயர்த்தப்பட்டது. மானியம் போக எங்கள் கையிலிருந்து 4,500 பவுண் தேவைப்பட்டது. தவணைக்கு வட்டி உண்டு என்பதால் கடனை நாடவில்லை. வீட்டில் இருந்த ஒரே சேமிப்பு உம்மாவின் உம்ராவுக்கென்று சேர்த்து வைத்தது. அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. உம்மாதான் சொன்னார்: “புள்ளைகள் குளிருல கிடக்க நான் மக்கா போறதா மகன்? முதல்ல வீட்டப் பாருங்க.”

எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் அந்தத் தொழிலைச் செய்கிறார். அவரிடமே வேலையை ஒப்படைத்தோம். ஓகஸ்ட் மாதத்தில் வீட்டின் பின்புறச் சுவரோரம் ஒரு பெரிய வெண்ணிறப் பெட்டி வந்து அமர்ந்தது. மாடியில் துணி அலுமாரிக்கு அருகே சுடுநீர்த் தாங்கி ஒன்று நின்றது.

இந்த இயந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்குவது எளிது. உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் கையை வைத்தால் சூடாக இருக்கும். உள்ளிருக்கும் பொருட்களின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவதே அதன் வேலை. ஏசியும் அறையின் வெப்பத்தை அவ்வாறே வீதிக்குத் தள்ளுகிறது. ஹீட் பம்ப் அதையே திருப்பிப் போட்டாற்போல, வெளியே வீசும் குளிர்காற்றில் இருக்கும் வெப்பத்தைத் திரட்டி வீட்டுக்குள் ஓடும் நீருக்குக் கொடுக்கிறது. குளிர்ந்த காற்றிலும் வெப்பம் உண்டு என்பது கேட்கப் புதுமையாக இருக்கலாம். ஆனால் இது பழைய விடயம். கெல்வின் பிரபு இதன் அடிப்படையை 1852இலேயே எழுதிவிட்டார். 1945இல் நோர்விச் நகரத்தின் மின் பொறியியலாளராக இருந்த ஜோன் சம்னர் ஆற்று நீரின் வெப்பத்தைக் கொண்டு நகர சபைக் கட்டடத்தைச் சூடாக்கிக் காட்டினார்.

நன்றாக இயங்கினால், இந்த இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்தை உண்டு மூன்று யூனிட் வெப்பத்தைத் தரும். அல்லாஹ் காற்றில் வைத்திருக்கும் பொருளை எடுத்துத் தருவதால்தான் அந்தப் பெருக்கம். இதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

இலையுதிர்காலத்தில் மத்ரஸாவில் தூய்மை பற்றிய பாடம் நடந்தது. எங்கள் ஷாஃபிஈ மத்ஹபின் ஆரம்ப நூலான மத்ன் அபீ ஷுஜாஃவில், வெயிலால் சூடான நீரைப் பயன்படுத்துவது மக்ரூஹ் என்று வருகிறது. அதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒன்பது வயது மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான். “உஸ்தாத், உங்க வீட்டுத் தண்ணி காத்தால சூடாகுதாம். அதுல உளூச் செய்யலாமா?” வகுப்பே சிரித்தது. அந்தச் சட்டம் கடும் வெப்ப நாடுகளில் உலோகப் பாத்திரத்தில் நேரடியாக வெயில் பட்டுச் சூடான நீருக்குரியது என்றும், எங்கள் வீட்டு நீரில் அந்தச் சிக்கல் எதுவும் இல்லை என்றும் சொன்னேன். அச்சிறுவன் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். நான் சில வாரங்கள் கழித்து என்ன செய்தேன் என்பதைப் பார்க்கும்போது அவன் நினைவு எனக்கு அடிக்கடி வருகிறது.

நவம்பர் மாதக் கட்டணமே கசந்தது. டிசெம்பர் முழுவதும் வீட்டில் என் பேச்சு அதைப் பற்றியே இருந்தது. பிள்ளைகள் குளியலறையில் நீண்ட நேரம் நின்றால் கதவைத் தட்டினேன். ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று இப்னு மாஜாவில் வரும் அறிவிப்பைத் திரும்பத் திரும்ப நினைவூட்டினேன். அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று வகுப்பில் தவறாமல் குறிப்பிடும் நான், வீட்டில் அதைக் குறிப்பிட மறந்தேன். இரவில் படுக்கப் போகும்முன் இயந்திரத்தை முற்றாக நிறுத்தினேன். ஸுப்ஹுக்கு எழுந்ததும் இயக்கினேன். ரேடியேட்டர்கள் பொய்லர் காலத்தைப்போல் கொதிக்காததைக் கண்டு, ஓடும் நீரின் வெப்பநிலையை 50 பாகையிலிருந்து 55 பாகைக்கு உயர்த்தினேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றபின் மீண்டும் நிறுத்தினேன். சிக்கனம் செய்வதாகவே எண்ணியிருந்தேன்.

2025 ஜனவரி 2ஆம் திகதி டிசெம்பர் மாதப் பட்டியல் வந்தது. 1,750 யூனிட் மின்சாரம், 448 பவுண். முந்தைய ஆண்டு டிசெம்பரில் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்து நாங்கள் செலுத்தியது ஏறத்தாழ 290 பவுண். உம்மாவின் உம்ராப் பணத்தைக் கொடுத்து இந்த நட்டத்தை விலைக்கு வாங்கியிருக்கிறோமே என்று நெஞ்சு எரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, செருப்பு வைக்கும் இடத்தில் நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தோம். புதிய இயந்திரம் எப்படி என்று ஒருவர் கேட்டார். நான் அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை. “யானையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். இனி ஆயுள் முழுவதும் தீனி போட வேண்டியதுதான். மானியக் காசுக்காக எம்மை ஏமாற்றுகிறார்கள்” என்றேன். பொருத்தியவர் யார் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். நான் ஒரு சாதாரண ஆளாக இருந்திருந்தால் அது ஒரு முறைப்பாட்டோடு போயிருக்கும். சொன்னது பிள்ளைகளுக்கு மார்க்கம் கற்பிப்பவர் என்பதால் அந்தச் சொல் எடை கூடிப்போயிற்று. அன்றிரவே அது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அவரிடம் வேலை கொடுக்கவிருந்த இரண்டு குடும்பங்கள் அடுத்த வாரத்துக்குள் வேண்டாமென்று சொல்லிவிட்டன.

அந்த வாரம் பனி விழுந்தது. இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கியது. ஒரு நாள் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து உம்மாவின் அறைக்கு வெளியே நடந்தபோது, கதவு சற்றே திறந்திருந்தது. உம்மா தஹஜ்ஜுத் தொழுதுகொண்டிருந்தார். தொழுகை ஆடைக்கு மேலே வாப்பாவின் பழைய கோட்டை அணிந்திருந்தார். அவருடைய கட்டிலருகே இருந்த சிறிய கடிகாரம் வெப்பநிலையையும் காட்டும். அதில் 14 என்றிருந்தது. முதியோர் இருக்கும் வீட்டின் உட்புறம் 18 பாகைக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஸலாம் கொடுத்து முடிக்கும்வரை காத்திருந்து உள்ளே சென்றேன். ரேடியேட்டரின் குமிழ் முழுவதுமாக மூடப்பட்டிருந்தது.

“ஏன் உம்மா இதை மூடி வச்சீங்க?”

“எனக்குக் குளிரொண்டும் இல்ல மகன். நான் ஒருத்திதானே இந்த அறையில. எனக்கெண்டு ஏன் காசு போகணும்?”

பிறகுதான் மனைவி சொன்னார். நாங்கள் வெளியே சென்றபின் பகல் வேளையில் மற்ற அறைகளின் குமிழ்களையும் உம்மா மூடிவிட்டு, நாங்கள் திரும்பும் நேரத்துக்குத் திறந்து வைப்பாராம். டிசெம்பர் முழுவதும் நான் உரத்துப் பேசிய பேச்சின் விளைவு அது. வீண்விரயத்தைப் பற்றி நான் செய்த உபதேசம், அந்த வீட்டில் எதையும் வீணாக்காத ஒரே ஆளின் மீது போய் விழுந்திருந்தது.

அன்று மாலையே என் பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். சிறுவயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். இப்போது வேறொரு நகரத்தில் வீட்டு வெப்பமூட்டல் வேலை செய்கிறார். ஜனவரி 11ஆம் திகதி சனிக்கிழமை வந்தார். தேநீர் அருந்தும்முன் மாடிக்குச் சென்று சுடுநீர்த் தாங்கி இருக்கும் அறையைத் திறந்தார். சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“உஸ்தாத், இதை யார் போட்டது?”

நான்தான் போட்டேன். நவம்பர் இறுதியில் மனைவியின் சகோதரி குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தபோது சுடுநீர் போதாமல் போயிற்று. அந்தச் சுவிட்சைப் போட்டால் நீர் விரைவாகச் சூடாகும் என்று எங்கோ கேட்டிருந்தேன். விருந்தினர் சென்றபின் அணைக்க மறந்துவிட்டேன். சிவப்பு விளக்கை எல்லாம் நலம் என்பதற்கு அடையாளமாகவே எண்ணியிருந்தேன்.

அது இமர்ஷன் ஹீட்டர். கேத்தல் நீரைச் சூடாக்குவதுபோல நேரடியாக மின்சாரத்தால் சூடாக்குவது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம், அவ்வளவுதான். காற்றிலிருந்து எடுத்துத் தரும் இயந்திரத்தை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, ஆறு பேரின் சுடுநீர் முழுவதையும் நாங்கள் கேத்தலில் காய்ச்சிக்கொண்டிருந்தோம். நீரில் கிருமி வளராமலிருக்க வாரம் ஒருமுறை 60 பாகைவரை சூடாக்கும்போது அதன் துணை சிறிது தேவைப்படலாம். நாள் முழுவதும் அதற்கு வேலையில்லை.

அடுத்து இயந்திரத்தின் திரையில் இரண்டு எண்களைக் காட்டினார். உண்ட மின்சாரம் எவ்வளவு, தந்த வெப்பம் எவ்வளவு என்ற கணக்கு. டிசெம்பரில் அறைகளைச் சூடாக்க 1,000 யூனிட் உண்டு, 2,000 யூனிட் தந்திருந்தது. ஒன்றுக்கு மூன்று தரவேண்டியது இரண்டுதான் தந்திருக்கிறது. ஓடும் நீரை 55 பாகைக்கு உயர்த்தியதே பிரதான காரணம் என்றார். வெளியே இருக்கும் குளிருக்கும் உள்ளே ஓடும் நீரின் சூட்டுக்கும் இடையிலான ஏற்றம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்கு இயந்திரம் பாடுபட வேண்டும். சிறு மேட்டில் சுமை ஏற்றுவதற்கும் செங்குத்தான மலையில் ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

பொய்லரை நாம் பயன்படுத்திப் பழகிய முறை வேறு. அது சிறிது நேரம் கொதிக்கக் கொதிக்க எரிந்து, பின் அணையும். ஹீட் பம்ப் இளஞ்சூட்டில் நாள் முழுவதும் மெதுவாக ஓட வேண்டியது. இரவில் முற்றாக நிறுத்தினால் சுவர்களே குளிர்ந்துவிடுகின்றன. விடியற்காலையில், வெளியே மிகக் கடுமையான குளிர் இருக்கும் வேளையில், இழந்த அனைத்தையும் மீட்க அது திணற வேண்டியிருக்கிறது. உம்மா குமிழ்களை மூடியதும் உதவவில்லை. பல ரேடியேட்டர்கள் மூடியிருந்தால் நீரோட்டம் குறைந்து, இயந்திரம் அடிக்கடி நின்று நின்று ஓடும். குளிரைத் தாங்கிக்கொண்டு அவர் சேமித்தது சேமிப்பாகவே இருக்கவில்லை. இதை நான் இன்றுவரை உம்மாவிடம் சொல்லவில்லை.

பொருத்தியவர் பக்கமும் குறை இருந்தது. வெளிக்காற்றின் நிலைக்கேற்ப ஓடும் நீரின் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் ஓர் ஏற்பாடு அந்த இயந்திரத்தில் உண்டு. அதை அவர் இயக்கிவைக்கவில்லை. எல்லா நாளும் ஒரே சூடு என்று 50 பாகையில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். இளவெயில் நாளுக்கும் உறைபனி நாளுக்கும் ஒரே அளவு. இதை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்று எங்களுக்கு அமர்ந்து சொல்லித்தரவும் இல்லை.

மாணவர் அந்த ஏற்பாட்டை இயக்கினார். மிதமான குளிரில் நீர் 35 பாகையிலும், உறைபனியில் 43 பாகையிலும் ஓடும்படி அமைத்தார். சிவப்பு விளக்கை அணைத்தார். எல்லாக் குமிழ்களையும் திறந்தார். “ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்காதீங்க உஸ்தாத், சூடில்லாததுபோல இருக்கும். கடிகாரத்தை மட்டும் பாருங்க” என்றார். இரண்டு நாட்களில் உம்மாவின் அறை 20 பாகைக்கு வந்து அங்கேயே நின்றது.

மத்ரஸாவில் மீராஸ் பாடம் எடுப்பவன் என்பதால் பங்கு பிரிப்பது எனக்குப் பழக்கமான வேலை. யார் யார் உரியவர் என்று முதலில் கண்டறிய வேண்டும், பிறகே கணக்கு. பத்து நாள் ஓட்டத்தைப் பார்த்தபின் டிசெம்பரை மீண்டும் கணக்கிட்டேன். இந்தப் புதிய அமைப்பில் டிசெம்பர் கழிந்திருந்தால் ஏறத்தாழ 565 யூனிட் மிஞ்சியிருக்கும். ஒரே மாதத்தில் 140 பவுண் அளவு. அதில் 210 யூனிட் சிவப்பு விளக்கினால் போனது. அது முழுவதும் என் பொறுப்பு. எஞ்சிய 355 யூனிட் ஓடும் நீரின் சூட்டினாலும் நிறுத்தி நிறுத்தி இயக்கியதாலும் போனது. அதை எங்கள் இருவருக்கும் சரிபாதியாக வைத்தாலும், மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு எனக்கு, மூன்றில் ஒன்று அவருக்கு. செருப்பு வைக்கும் இடத்தில் நின்று முழுவதையும் அவர் தலையில் ஏற்றிவிட்டு வந்திருந்தேன்.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின் வருந்தாதீர்கள் என்ற கருத்தை ஸூரத்துல் ஹுஜுராத்தில் எத்தனை முறை பாடமாக நடத்தியிருப்பேன். பெரும்பாலும் பிறர் கொண்டுவரும் செய்தியைப் பற்றியே விளக்குவேன். நம் வீட்டுக்கு வரும் ஒரு கட்டணப் பட்டியலும் செய்திதான் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. அது எவ்வளவு என்பதைச் சொல்கிறது, ஏன் என்பதைச் சொல்வதில்லை. அந்த ‘ஏன்’ என்ற இடத்தை நானே சந்தேகத்தால் நிரப்பிக்கொண்டேன்.

கணக்கு முடியட்டும் என்று ஒரு ஜும்ஆவைக் கடத்தினேன். உண்மையில் அது கணக்குக்காக அல்ல, வெட்கத்தினால். நடந்ததை உம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “அவருக்கும் புள்ளைகள் இருக்கே மகன். இந்த மாசம் அவர் வீட்டுல என்ன செஞ்சிருப்பாங்க?” அன்று இரவு இஷாவுக்குப் பின் அச்சகோதரரின் வீட்டுக்குச் சென்றேன். மனிதர்களின் உரிமை சம்பந்தப்பட்ட பாவத்தில், வருந்துவதும் விலகுவதும் உறுதி பூணுவதும் மட்டும் போதாது, உரியவரிடமும் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது தெரியாத மாணவன் என் வகுப்பில் இல்லை.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவர் தேநீர் கொண்டுவரச் செய்தார். “மௌலவி, நீங்க என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். பிறகு தன் பக்கத்தையும் மறைக்காமல் பேசினார். வெளிக்காற்றுக்கேற்ப சூட்டை மாற்றும் ஏற்பாட்டை முன்பு எல்லா வீட்டிலும் இயக்கியே வைத்தாராம். ரேடியேட்டரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, சூடாகவில்லை என்று மக்கள் இரவு பத்து மணிக்கு அழைப்பார்களாம். அதனால் நாளடைவில் ஒரே சூட்டில் நிறுத்திவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டதாம். “விளக்கிச் சொல்ல ஒரு மணித்தியாலம் ஆகும். அந்த ஒரு மணித்தியாலத்தை நான் மிச்சம் பிடித்தேன். அது என் பிழை” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜனவரி 24ஆம் திகதி, நிர்வாகத்தினரின் அனுமதியோடு தொழுகைக்குப் பின் எழுந்து நின்றேன். நான் சொன்னது விசாரிக்காமல் சொன்னது என்றும், அதிகப் பிழை என்னுடையது என்றும், அச்சகோதரர் என்னை ஏமாற்றவில்லை என்றும் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு முன் பேசியதைவிட அது பன்மடங்கு கடினமாக இருந்தது. வேலையை நிறுத்திய இரண்டு குடும்பங்களில் ஒன்று அவரிடம் திரும்பியது. மற்றொன்று வேறொருவரிடம் ஏற்கெனவே முற்பணம் கொடுத்துவிட்டது. அதை என்னால் மீட்டுக்கொடுக்க முடியவில்லை.

ரமழானின் தொடக்கத்தில் பெப்ரவரி மாதப் பட்டியல் வந்தது. 1,085 யூனிட், 287 பவுண். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஆனால் கணக்கை நேர்மையாக வைக்க வேண்டுமென்றால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய பொய்லரே நல்ல நிலையில் இருந்திருந்தால் அந்த மாதம் 275 அல்லது 280 பவுணோடு முடிந்திருக்கும். எல்லாவற்றையும் சரியாகச் செய்த பின்னும் இந்த இயந்திரம் எங்களுக்குப் பெரிய இலாபம் எதையும் தரவில்லை.

இதற்குக் காரணம் நானுமல்ல, அச்சகோதரருமல்ல. 2025இன் முதல் மூன்று மாதங்களில் இந்நாட்டின் கட்டண உச்சவரம்பின்படி ஒரு யூனிட் மின்சாரம் சராசரியாக 24.86 பென்ஸ், ஒரு யூனிட் எரிவாயு 6.34 பென்ஸ். ஏறத்தாழ நான்கு மடங்கு. பொய்லரில் வீணாகும் பகுதியையும் சேர்த்தால் எரிவாயுவில் ஒரு யூனிட் வெப்பத்தின் விலை ஏழரை பென்ஸ் அளவில் நிற்கிறது. ஹீட் பம்ப் ஒன்றுக்கு இரண்டு தந்தால் அதே வெப்பத்துக்கு 12 பென்ஸுக்கு மேல், மூன்று தந்தால் 8 பென்ஸுக்குச் சற்று மேல். இரண்டும் சமமாக வேண்டுமென்றால் அது மூன்றேகாலுக்கு மேல் தர வேண்டும். பசுமை மின்திட்டங்களுக்கும் வறிய குடும்பங்களின் உதவிக்குமான அறவீடுகளில் பெரும்பகுதி 2025இல் எரிவாயுவின் மீதல்லாமல் மின்சாரத்தின் மீதே சுமத்தப்பட்டிருந்தது. போதாததற்கு, மொத்தச் சந்தையில் மின்சாரத்தின் விலையைப் பல வேளைகளில் எரிவாயு நிலையங்களே நிர்ணயிக்கின்றன. கேஸைக் கைவிடுங்கள் என்று மானியம் கொடுக்கும் அதே நாட்டில், கைவிட்டவர்களின் மாதக் கட்டணம் இப்படி இருந்தது. இந்தப் பங்கைத் தராசில் வைக்காமல் வீட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்வதும் நீதியல்ல.

எனவே இந்த இயந்திரத்தைப் பொருத்த எண்ணுவோருக்கும், பொருத்திவிட்டுக் கட்டணத்தைக் கண்டு திகைத்திருப்போருக்கும் என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். பொருத்தும்முன், ஒவ்வோர் அறையும் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள். கடும் குளிரில் ஓடும் நீர் எத்தனை பாகையில் இருக்கும்படி திட்டமிட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். 55 என்றால், சில ரேடியேட்டர்களைப் பெரிதாக்கி அதைக் குறைக்க முடியுமா என்று பேசுங்கள். பொருத்திய பின், வெளிக்காற்றுக்கேற்ப மாறும் ஏற்பாடு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உண்ட மின்சாரம், தந்த வெப்பம் என்ற இரண்டு எண்களையும் மாதம் ஒருமுறை ஒரு கொப்பியில் எழுதுங்கள். இமர்ஷன் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள். ஹீட் பம்ப் உள்ளவர்களுக்கென்றும், நள்ளிரவுக்குப் பின் மலிவாகவும் மின்சாரம் தரும் விலைத்திட்டங்கள் இருக்கின்றன. நாங்கள் ஏப்ரலில் அப்படியொன்றுக்கு மாறி, சுடுநீரை ஸஹர் நேரத்துக்கு முன்பே சூடாக்கிவிடுகிறோம்.

இவை யாவற்றுக்கும் முன், வீட்டில் முதியவர்கள் இருந்தால் அவர்களுடைய அறைக்குள் சென்று பாருங்கள். கட்டணத்தைப் பற்றி நீங்கள் உரத்துப் பேசும் ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குளிர்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். குமிழைத் தொட்டுப் பாருங்கள்.

அச்சகோதரர் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்ததும் ஒரு மணித்தியாலம் அமர்ந்து விளக்கிவிட்டே செல்கிறார். ஜமாஅத்தில் யாராவது என்னிடம் இந்த இயந்திரத்தைப் பற்றிக் கேட்டால், என் கொப்பியை எடுத்துக் காட்டுகிறேன், அவருடைய தொலைபேசி எண்ணையும் கொடுக்கிறேன். உம்மாவின் உம்ராவுக்கு மீண்டும் சிறிது சிறிதாகச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். மாதம் பிறந்ததும் உம்மா கேட்பார்: “இப்ப எவ்வளவு வருது மகன்?” கூட்டாமல் குறைக்காமல், உள்ள எண்ணைத் தாழ்ந்த குரலில் சொல்கிறேன்.

நாம் அளக்கும்போதும், பிறரைப் பற்றிப் பேசும்போதும் தராசைச் சரியாகப் பிடிக்கும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.